காலுக்காகக் காலணியா, காலணிக்காகக் காலா?

– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுவதா என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. கேட்டவுடன் சிரிப்பு வரும். எவராவது அப்படிச் செய்வார்களா என்று தோன்றும். ஆனால் ஏதாவது ஒரு பள்ளியின் விளையாட்டுத் திடலுக்குப் போய், ஓடியாடும் பிள்ளைகளின் கால்களைச் சற்றுக் குனிந்து பாருங்கள். ஒருவன் தன் காலைவிட இரண்டு எண் பெரிய காலணிக்குள் பழந்துணியை அடைத்துக்கொண்டு ஓடுகிறான். இன்னொருவன் போன ஆண்டுக் காலணிக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு ஓடுகிறான். மற்றொருவன் புல்தரைக்கென்று செய்த நீண்ட குமிழ்க் காலணியைக் கட்டாந்தரையில் அணிந்து, கூழாங்கல் மேல் நடப்பவன் போல் தடுமாறுகிறான். நாம் காலை வெட்டவில்லைதான். ஆனால் காலணிக்குத் தகுந்தபடி காலை வளைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் வீரர்களைப் பற்றியும் பதக்கங்களைப் பற்றியும் எழுதுவது வழக்கம். நான் எழுத வந்திருப்பது பிள்ளைகளின் விளையாட்டுக் காலணியைப் பற்றி. அடியில் குமிழ்கள் வைத்த கால்பந்துக் காலணியைத் திடலில் ‘ஸ்டட்ஸ்’ என்பார்கள். முட்கள் வைத்த ஓட்டக் காலணியை ‘ஸ்பைக்ஸ்’ என்பார்கள். இவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது சின்ன விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்கு என் தம்பியின் கணுக்கால் விலை கொடுத்தது.

நான் செய்த தவறு

என் தம்பி எட்டாம் வகுப்பு மாணவன். பாலாற்று மணலில் வெறுங்காலுடன் பந்து உதைத்துப் பழகியவன். சென்ற ஆண்டு பள்ளிக் கால்பந்து அணியில் அவனுக்கு இடம் கிடைத்தது. போட்டியில் காலணி இல்லாமல் இறங்க முடியாது. கால்பந்து விதிகளில் காலணியும் கட்டாய உடைமைகளில் ஒன்று. எங்கள் அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறார். அந்த மாதம் அவருக்கு ஓவர்டைம். ஆகவே 850 ரூபாயை என் கையில் கொடுத்து, “நீ படிச்சவன், பாத்து வாங்கிக்குடு” என்று அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கடிதம் படிப்பதிலிருந்து விண்ணப்பம் நிரப்புவது வரை எல்லாவற்றிற்கும் என்னைத்தான் கேட்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை.

கடையில் தம்பியின் காலுக்கு 3-ஆம் எண் சரியாக இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? “வளருகிற பிள்ளை, அடுத்த வருஷமும் ஆகட்டும்” என்று 5-ஆம் எண்ணை வாங்கினேன். கடைக்காரர் தடுக்கவில்லை என்று அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். கேட்டது நான், கொடுத்தது அவர்.

இரவு அம்மா வேலையிலிருந்து வந்தார். காலணியைத் தம்பியின் காலில் மாட்டச் சொல்லி, முன்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். விரல் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது. “ஏன்டா, தம்பி காலுக்கா வாங்கன, அடுத்த வருஷத்துக் காலுக்கா வாங்கன?” என்றார். அடுத்த நாள் திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்த்தால், அதற்குள் தம்பி அதைப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் ஓடிவிட்டான். அடி தேய்ந்ததை யார் திரும்ப எடுப்பார்கள்? முன்பக்கம் துணியை அடைத்துக்கொண்டான்.

மூன்றாம் ஆட்டத்தில் திரும்பி ஓடும்போது அவன் கால் பிசகியது. குமிழ்கள் தரையைப் பிடித்துக்கொண்டன. காலணி நின்றுவிட்டது. உள்ளே தளர்வாக இருந்த பாதம் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, கணுக்கால் தசைநார் இழுபட்டிருக்கிறது, ஆறு வாரம் ஓடக்கூடாது என்றார் மருத்துவர். அந்த ஆறு வாரத்திற்குள் அந்த ஆண்டுப் போட்டிகள் எல்லாம் முடிந்துவிட்டன. தம்பி என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இரண்டு எண் என்றால் எவ்வளவு?

பிறகுதான் நான் கணக்குப் பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டியவன் நான்! நம் நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் வழங்குவது ஆங்கிலேய எண் முறை. அதில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். இரண்டு எண் பெரிதென்றால் 17 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் அகலம்! சரியான அளவிலேயே விரல் நுனிக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருக்கும். அதற்கும் மேல் இந்த 17 மில்லிமீட்டர். ஐரோப்பியக் கண்டத்து முறையில் எண்ணுக்கு எண் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே ஒரே காலணியில் இரண்டு வேறு எண்கள் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. இன்னொரு செய்தி: ஆங்கிலேய முறையில் சிறுவர் எண் 13-இல் முடிந்து, அடுத்தது மீண்டும் 1 என்று தொடங்கும். “போன தடவை 13, இப்போது 1 கொடுக்கிறாரே” என்று கடையில் சண்டை போடும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

பெரிய காலணியில் என்ன நடக்கிறது என்பதை விளக்க நியூட்டனின் முதல் விதி ஒன்றே போதும். வேகமாக ஓடும் பிள்ளை திடீரென்று நிற்கும்போது காலணி தரையோடு நின்றுவிடுகிறது. பாதமோ தன் இயக்கத்தைத் தொடர்ந்து காலணிக்குள்ளேயே முன்னால் வழுக்குகிறது. நகம் முன்பக்கத்தில் போய் மோதுகிறது. சில நாளில் நகத்தின் கீழ் இரத்தம் கட்டிக் கறுத்துப் போகிறது. குதிகாலில் உராய்ந்து கொப்புளம் வருகிறது. காலணியின் மூக்கு நீண்டிருப்பதால் தரையில் தட்டி விழுகிறான். பந்தை உதைக்கும்போது கால் எங்கே முடிகிறது என்பதே அவனுக்குத் தெரிவதில்லை. “பையனுக்கு ஆட்டம் வரவில்லை” என்று நாம் சொல்லிவிடுகிறோம்.

சிறிய காலணியின் கதை இதற்கு மறுபக்கம். விரல்கள் நெருங்கி மடங்குகின்றன. நகம் சதைக்குள் வளர்கிறது. வலிக்கிறது என்று சொன்னால் புதிது வாங்கித் தரப் பணமில்லையே என்று பிள்ளைகள் பலர் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த மௌனம் நன்றாகத் தெரியும்.

வளரும் பாதம்

பிள்ளையின் பாதம் பெரியவர் பாதத்தின் சிறிய அச்சு அன்று. பெரியவர் பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. பிள்ளைப் பருவத்தில் அவற்றின் பல பகுதிகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருந்து, பதின்பருவத்தின் இறுதியில்தான் முழுமையாக எலும்பாகின்றன. இளங்கன்றுக்குக் கட்டிய கயிறு போல, அந்தப் பருவத்தில் பாதத்தைச் சுற்றி எதைக் கட்டுகிறோமோ அது பாதத்தின் வளர்ச்சியைத் தொடும்.

சுமார் 8 வயது முதல் 14 வயது வரையுள்ள, நிறைய ஓடும் பிள்ளைகள் சிலர் குதிகால் வலி என்பார்கள். குதிகால் எலும்பின் வளர்ச்சித் தட்டைப் பின்கால் தசைநாண் இழுப்பதால் வரும் வலி அது. 1912-இல் அதை விவரித்த அமெரிக்க மருத்துவர் சீவரின் பெயரால் இன்றும் அது அழைக்கப்படுகிறது. குதிகாலுக்கு மெத்தை இல்லாமல் தட்டையாக இருக்கும் குமிழ்க் காலணி இந்த வலியைக் கூட்டும். இதை வீட்டில், “விளையாடப் போகாமல் இருக்கச் சாக்கு” என்றோ, “வளருகிற வலி, தானாகப் போய்விடும்” என்றோ சொல்லி ஒதுக்குகிறோம். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது ஓய்வும், மருத்துவரின் பார்வையும், குதிகாலைத் தாங்கும் காலணியும் ஆகும். திட்டு அல்ல.

தரையைக் கேளுங்கள்

காலணி வாங்கும்போது நாம் விலையைக் கேட்கிறோம். பிள்ளை நிறத்தைக் கேட்கிறான். யாரும் கேட்காதது தரையை.

குமிழ் எதற்காக வைத்திருக்கிறது? மென்மையான மண்ணில் புதைந்து, வழுக்காமல் பிடித்துக்கொள்வதற்காக. குமிழ் புதைந்தவுடன் அடிப்பாகம் முழுதும் தரையில் படிந்துவிடும். எடை பரவிவிடும். ஆனால் நம் பள்ளித் திடல்கள் பெரும்பாலும் வெயிலில் காய்ந்து இறுகிய செம்மண் தரை. அங்கே குமிழ் புதையாது. ஒரு சிறு கணக்கு. 40 கிலோ எடையுள்ள சிறுவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். அவன் எடை சுமார் 400 நியூட்டன். தட்டையான காலணியின் அடிப்பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்றால், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 4 நியூட்டன். அதே சிறுவன் ஒவ்வொன்றும் ஒரு சதுர சென்டிமீட்டர் முனையுள்ள 12 குமிழ்களின் மேல் கட்டாந்தரையில் நின்றால் 33 நியூட்டன். எட்டு மடங்கு! ஓடும்போது காலில் விழும் விசை உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்காகும். குமிழ் இருக்கும் இடமெல்லாம் பாதத்தில் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், அது செல்லம் அன்று, எளிய இயற்பியல்.

ஆகவே காய்ந்த மண் திடலில் ஆடும் பிள்ளைக்கு, அடியில் சிறுசிறு ரப்பர் குமிழ்கள் நெருக்கமாகப் பல இருக்கும் வகையே நல்லது. கடையில் அதை ‘டர்ஃப் ஷூ’ என்று கேட்டால் கொடுப்பார்கள். நல்ல புல்தரையானால், அடியோடு சேர்த்து வார்த்த நடுத்தரக் குமிழ் போதும். திருகி மாட்டும் நீண்ட உலோகக் குமிழ், மழையில் நனைந்து சேறான புல்தரைக்கு உரியது. நம் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் வேண்டாத ஒன்று. இன்று ஊருக்கு ஊர் வாடகைக்கு விடும் செயற்கைப் புல்தரைகள் வந்துவிட்டன. அவற்றில் நீண்ட குமிழ் சிக்கிக்கொள்ளும். உடல் திரும்பும், பாதம் திரும்பாது. அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். உருண்டைக் குமிழ் கால் திரும்புவதற்கு ஓரளவு இடங்கொடுக்கும். கத்தி போல் நீண்ட குமிழ் அதைவிட இறுகப் பிடிக்கும். பிள்ளைகளுக்கு உருண்டையே மேல் என்பது என் கருத்து.

ஓட்டக் காலணிக்கும் இதே நியாயம்தான். செயற்கை ஓடுதளத்தில் முள்ளின் நீளம் 9 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது அனைத்துலக விதி. உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் மட்டும் 12 மில்லிமீட்டர். மண் போன்ற மற்றத் தளங்களுக்கு 25 மில்லிமீட்டர் வரை விட்டிருக்கிறார்கள். விதியை எழுதியவர்கள் தரையைப் பார்த்தே அளவை வகுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஓடப் பழகும் சிறு பிள்ளைக்கு முள்ளே வேண்டாம். முதலில் சாதாரண ஓட்டக் காலணியில் ஓடட்டும்.

தரைக்கேற்ற காலணி எவ்வளவு உதவும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. 1954-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கொட்டும் மழையில் நடந்தது. மேற்கு ஜெர்மனி அணியினர் அணிந்திருந்தவை அடோல்ஃப் டாஸ்லர் செய்த, குமிழைக் கழற்றி மாற்றக்கூடிய காலணிகள். ஈரத் தரைக்கேற்ற நீண்ட குமிழ்களை மாட்டிக்கொண்டு ஆடினார்கள். எவராலும் வெல்ல முடியாது என்று கருதப்பட்ட ஹங்கேரியை 3–2 என்று வென்றார்கள். வென்றது ஆட்டக்காரர்கள்தான், காலணி அன்று. ஆனால் அவர்கள் கால் வழுக்காமல் பார்த்துக்கொண்டது காலணி.

வெறுங்காலே போதாதா?

இங்கே ஒரு கேள்வி எழலாம். “அந்தக் காலத்தில் வெறுங்காலுடன் ஆடவில்லையா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1911-இல் கல்கத்தாவின் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவு அணியை 2–1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. அந்தப் பதினொருவரில் ஒருவர் தவிர மற்றவர் எல்லாம் வெறுங்காலர். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு அணியில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்சிடம் 1–2 என்ற கணக்கில்தான் தோற்றனர். பெருமைப்பட வேண்டியவைதான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1952-இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 1–10 என்று தோற்றோம். அதற்குப் பிறகு நம் கால்பந்துச் சம்மேளனம் காலணியைக் கட்டாயமாக்கியது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. காலணியால் மட்டுமே இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. நிலத்துக்கும் குளிருக்கும் எதிராளியின் காலணிக்கும் முன் வெறுங்கால் எப்போதும் போதாது என்றே சொல்கிறேன்.

எத்தியோப்பியாவின் அபெபே பிக்கிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் மாரத்தான் தூரத்தை வெறுங்காலுடன் 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் ஓடித் தங்கம் வென்றதைப் பலரும் மேடையில் சொல்வார்கள். அவர் ஏன் வெறுங்காலுடன் ஓடினார் என்பதைச் சொல்வதில்லை. அங்கே கிடைத்த காலணி அவர் காலுக்குப் பொருந்தவில்லை. வெறுங்காலில் ஓடிப் பழகியவர் என்பதால் அதைக் கழற்றி வைத்தார். நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில் காலணி அணிந்து 2 மணி 12 நிமிடம் 11 நொடியில் ஓடி மீண்டும் தங்கம் வென்றார். இதிலிருந்து நான் அறிவது இதுதான்: பொருந்தும் காலணி முதல் தரம், பழகிய வெறுங்கால் இரண்டாம் தரம், பொருந்தாத காலணி கடைசித் தரம். என் தம்பி பாலாற்று மணலில் வெறுங்காலுடன் ஆடிய நாளெல்லாம் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வாங்கித் தந்த காலணியில்தான் விழுந்தான்.

ஒரு தாள், ஒரு பென்சில்

சரியான அளவைக் காண்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன்.

மாலையில் அளவெடுக்க வேண்டும். நாள் முழுதும் நடந்த பாதம் காலையைவிடச் சற்றுப் பெருத்திருக்கும். பிள்ளையைத் தாளின் மேல் எடை முழுவதும் ஊன்றி நிற்க வைக்க வேண்டும். உட்கார வைத்து அளந்தால் குறையும். குதிகாலிலிருந்து மிக நீண்ட விரல்வரை கோடு போட்டு அளக்க வேண்டும். சிலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். இரண்டு கால்களையும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. என் தம்பிக்கு இடது 22 சென்டிமீட்டர், வலது 22.3. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும்.

கடையில், ஆடும்போது அணியும் அதே காலுறையை மாட்டிப் பார்க்க வேண்டும். குதிகாலைப் பின்னால் நன்றாகத் தள்ளி, கயிற்றைக் கட்டி, எழுந்து நிற்கட்டும். விரல் நுனிக்கு முன் அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை இடமிருந்தால் சரி. சுண்டுவிரல் பக்கம் பிதுங்கினால் அகலம் போதவில்லை. குதிகால் தூக்கிக் கழன்றால் பெரிது. காலணியைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடியும் இடத்தில் அது மடிய வேண்டும். நடுவில் மடிந்தால் வேண்டாம். கடைசியாக, பிள்ளையை நாலு எட்டு ஓடித் திரும்பச் சொல்லி, “எங்காவது குத்துகிறதா?” என்று அவனிடமே கேளுங்கள். நான் என் தம்பியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

மூன்று நான்கு மாதத்திற்கு ஒருமுறை மீண்டும் அளந்து பார்ப்பது நல்லது. ஒரு சிறந்த ஆட்டக்காரர் படம் ஒட்டிய காலணி என்பதற்காக ஐந்து நூறு அதிகம் கொடுப்பது வீண். அவர் காலுக்குப் பொருந்தியது அவருக்கு.

“பணத்துக்கு எங்கே போவது?”

இதைப் படிக்கும் பெற்றோர் கேட்பது எனக்குக் கேட்கிறது. “ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிடுகிறது. ஆறு மாதத்திற்கு ஒரு ஜோடி வாங்க நாங்கள் என்ன பணக்காரர்களா?” உண்மைதான். இரண்டு எண் பெரிதாக வாங்கும் வழக்கம் அறியாமையால் மட்டும் வந்ததன்று. வறுமையாலும் சிக்கனத்தாலும் வந்தது. வேறு வழி காட்டாமல் ஏழையிடம் அறிவியல் பேசுவது எளிது. அது நியாயம் ஆகாது.

எனக்குத் தோன்றும் வழி இது. பிள்ளையின் காலணி பெரும்பாலும் தேய்வதற்கு முன்பே சிறிதாகிவிடுகிறது. அப்படியானால் ஒருவனுக்குச் சிறிதானது அடுத்தவனுக்குச் சரியாக இருக்குமே! ஒவ்வொரு பள்ளியிலும் உடற்கல்வி ஆசிரியர் அறையில் ஓர் அலமாரி வைக்கலாம். 1 முதல் 8 வரை எண் எழுதிய தட்டுகள். சிறிதான காலணியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, உள்மெத்தையை மாற்றி அங்கே வைத்துவிட்டு, தனக்குரிய எண்ணை எடுத்துச் செல்லலாம். அடி விரிந்ததையும் குமிழ் ஒருபக்கம் தேய்ந்ததையும் மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். தொடக்கத்தில் முன்னாள் மாணவர்கள் எண்ணுக்கு இரண்டு ஜோடி வாங்கிக் கொடுத்தால் போதும். பழையது என்பது குற்றம் அன்று. பொருந்தாதது என்பதே குற்றம். பெண் பிள்ளைகளுக்கும் அதில் தனியே ஒரு பங்கு வேண்டும். அண்ணன் போட்டுக் கழித்ததே தங்கைக்குப் போதும் என்ற எண்ணம், காலணியில் தொடங்கி வேறு எங்கெங்கோ போய் முடிகிறது.

அரசுப் பள்ளிகளில் புத்தகமும் சீருடையும் காலணியும் விலையில்லாமல் தரும் மாநிலம் நம்முடையது. திடலில் இறங்கும் பிள்ளைக்கும் அளவான காலணி தருவது அந்த வழியில் அடுத்த படிதான். அதுவரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் கிராமங்களில் முகாம் நடத்துகிறோம். ஒரு மாலைப் பொழுதில் அந்த ஊர்ப் பள்ளியின் அணிப் பிள்ளைகளுக்குக் காலளவு எடுத்து, ஒவ்வொருவர் கையிலும் எழுதிக் கொடுக்கலாமே! செலவு ஒரு கட்டுத் தாள், சில பென்சில், ஓர் அளவுகோல்.

அம்மா சொன்னது

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் காலையில் கம்பெனி வண்டி ஏறிப் போய்க் காலணி செய்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி கடல் கடந்து போகிறது. அம்மா தைப்பதில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் காலணியும் உண்டு. காலணிக்கு வடிவம் கொடுக்கும் பாத அச்சை அங்கே ‘லாஸ்ட்’ என்பார்கள். அங்கே முழு எண்ணுக்கு மட்டுமன்று, அரை எண்ணுக்கும் தனி அச்சு உண்டாம். அரை எண் என்பது வெறும் 4 மில்லிமீட்டர் சொச்சம். அந்த நாலு மில்லிமீட்டர் வித்தியாசத்தில்கூட ஒரு பிள்ளையின் கால் வருந்தக் கூடாது என்று ஒரு நாடு கேட்கிறது. எங்கள் அம்மா தைத்து அனுப்புகிறார். அவருடைய சொந்தப் பிள்ளைக்கு 17 மில்லிமீட்டர் துணி அடைத்து அனுப்பியவன், படித்தவனான நான்.

இந்த முறை ஓவர்டைம் இருந்தும் அம்மாவே வந்தார். தம்பிக்கு 4-ஆம் எண், சிறு ரப்பர் குமிழ் வைத்தது, வாங்கினோம். அவர் குனிந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். “இது போதும். கால் வளந்தா அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, என்னைப் போன்ற அண்ணன்மார்களே! பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக நாம் நிறையச் சேர்த்து வைக்கிறோம். நல்லதுதான். ஆனால் பிள்ளை இன்று ஆட வேண்டிய ஆட்டத்தை அவன் இன்றைய காலோடுதான் ஆடுவான். அந்தக் காலுக்கு வாங்குங்கள்.